ஐந்து கிலோ நெல் காய்ந்தது, ஒரு டன் காயவில்லை

காவிரி டெல்டாவிலும் அதைச் சுற்றியும் உள்ள பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், ஆய்வு நிறுவனங்களின் இயக்குநர்களுக்கும், பேராசிரியர்களுக்கும், ஆய்வு மாணவர்களுக்கும்,

வணக்கம்.

மன்னார்குடியில் இருபத்தாறு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். டிரெய்லர், கேஜ் வீல், நெல் தூற்றும் மிஷின், ரைஸ் மில்லுக்கு எலிவேட்டர் என்று செய்து கொடுத்துப் பிழைக்கிறவன். படிப்பு ஐ.டி.ஐ. ஃபிட்டர். போன மாதம் உங்களில் ஒருவர் நடத்திய 'தொழில்துறை சந்திப்பு' ஒன்றுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. நாலாவது வரிசையில் நாற்காலி, கையில் ஒரு சணல் பை, பையில் பேனாவும் குறிப்பேடும். மேடையில் காப்புரிமை எண்ணிக்கையைத் திரையில் காட்டினார்கள். புரிந்துணர்வு ஒப்பந்தக் கோப்புகளைக் கை மாற்றிப் படம் எடுத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்த பேராசிரியர் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "நாங்க இவ்வளவு கண்டுபிடிச்சு வச்சிருக்கோம். உங்க மாதிரி தொழில் பண்றவங்க ஏன் சார் முன்னால வந்து எடுத்துக்க மாட்டேங்கிறீங்க?"

வாயில் சாம்பார் சோறு. பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில்தான் இந்த மடல்.

நான் முன்னால் வந்தவன்தான் ஐயா. கஜா புயலுக்கு மறு வருஷம், ஒரு கல்லூரி (பெயர் வேண்டாம், அவர்களும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள்) உருவாக்கிய நெல் உலர்த்தியை உரிமம் எடுத்தேன். கட்டணம் ஒன்றரை லட்சம், வரி தனி. நகையை வைத்துத்தான் கட்டினேன். கைக்கு வந்தது பதினோரு பக்க வரைபடமும் ஓர் அறிக்கையும். அறிக்கையில் ஐந்து கிலோ நெல்லைத் தட்டில் பரப்பி, சூடான காற்று விட்டு, எத்தனை நிமிஷத்தில் எவ்வளவு ஈரம் இறங்கியது என்று அழகான கோடுகள் போட்டிருந்தார்கள். கோடுகளில் பொய் இல்லை. அந்த ஐந்து கிலோ உண்மையிலேயே காய்ந்திருக்கிறது.

நான் செய்தது ஒரு டன் மிஷின். அந்த அக்டோபரில் நீடாமங்கலம் பக்கம் ஒரு களத்தில் கொண்டுபோய் இறக்கினேன். குறுவை அறுப்பு, மூன்று நாள் விட்டு விட்டு மழை. செயின் வண்டி, அதாவது சேற்றில் ஓடுகிற அறுப்பு மிஷின், அறுத்துக் கொட்டிய நெல் அது. வைக்கோல் துண்டு, பதர், கருக்காய், சேறு எல்லாம் கலந்திருக்கும். உங்கள் ஆய்வகத்துக்கு வருகிற நெல் தூற்றி, சலித்து, சாக்கில் கட்டி வருவது. இது வயலோடு வந்த நெல். அரை மணி நேரத்தில் தூசியும் வைக்கோலும், நெல்லுக்கு அடியிலிருந்து சூடான காற்று வருகிற துளைத் தகட்டை அடைத்துவிட்டன. காற்று மேலே ஏறவில்லை. இரண்டடி உயரம் குவிந்த நெல்லில் அடிப்பக்கம் மொறுமொறுவென்று காய்ந்தது, மேல்பக்கம் கையில் ஒட்டியது. அந்த நெல்லை அரைத்த மில்காரர் பாதிக்குப் பாதி குருணை என்று திட்டினார். அதிகச் சூட்டில் வேகமாகக் காய்ந்தால் அரிசிக்குள் வெடிப்பு விழும் என்பது உங்களுக்குத் தெரியும். இடையில் ஆற வைத்து, மறுபடி சூடு காட்டி, கட்டம் கட்டமாக ஈரத்தை இறக்க வேண்டும் என்பதும் தெரியும். ஐந்து கிலோவுக்கு அது தேவைப்படவில்லை. அதனால் வரைபடத்தில் அதற்கு இடமில்லை.

போன் போட்டேன். அதைச் செய்த மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு பெங்களூரில் மென்பொருள் வேலைக்குப் போய்விட்டார். வழிகாட்டிய பேராசிரியருக்கு வேறு துறைப் பொறுப்பு. அலுவலகத்தில் எடுத்தவர், உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய தேதியை மட்டும் நினைவூட்டினார்.

இது ஒருத்தன் வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிடலாம். அதனால் கணக்குக்கு வருகிறேன். உங்களிடம் பேச அதுதான் சரியான மொழி.

ஒரு டன் நெல், 22 சதவீத ஈரம். அரசு கொள்முதல் நிலையத்தில் கேட்பது அதிகபட்சம் 17. ஈரம் போக உள்ள பொருள் 780 கிலோ. 17-க்கு இறக்கினால் மொத்த எடை 940 கிலோ. ஆக 60 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதற்கான வெப்பத்தில் பாதிக்கு மேல் வீணானாலும் 30 கிலோ உமி போதும். ஒரு டன் நெல்லிலிருந்து கிட்டத்தட்ட 200 கிலோ உமி கிடைக்கும். எரிபொருளுக்குப் பஞ்சமே இல்லை என்று உங்கள் அறிக்கையும் சொன்னது. ஆனால் உமி இருப்பது மில்லில், ஈர நெல் கிடப்பது களத்தில். நடுவே இருபது கிலோமீட்டர், ஒரு லாரி, ஏற்று கூலி, இறக்கு கூலி. களத்தில் மும்முனை மின்சாரம் கிடையாது. டீசல் இன்ஜின் வைத்தால் ப்ளோயருக்கே டீசல் போய்விடும். இந்த இருபது கிலோமீட்டரை ஒரு வரியில்கூட அந்த அறிக்கை தொடவில்லை.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். அந்த 60 கிலோ தண்ணீர் யாருடையது? விவசாயியுடையது. தமிழக அரசு 2025-26 பருவத்துக்கு அறிவித்த விலை பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய், கிலோ 25. தண்ணீரும் எடைதானே. டன்னுக்கு 1,500 ரூபாய் எடையில் இறங்குகிறது. 40 கிலோ சிப்பக் கணக்கில் ஒன்றரைச் சிப்பம். அதற்கு மேல் எனக்கு உலர்த்துகிற கூலி வேறு. "ஈரம் கூட" என்று திருப்பி அனுப்பி, நெல் சாலையோரம் கிடந்து முளைவிடும் நிலை வந்தால்தான் அவர் என் மிஷினைத் தேடி வருவார். அதற்குள் விவசாயிகள் சாலை மறியல் செய்வார்கள், மத்தியக் குழு வந்து சாக்கில் கைவிட்டுப் பார்க்கும், சில ஆண்டுகளில் ஈரப்பத வரம்பைத் தளர்த்தி உத்தரவும் வரும். உத்தரவு வந்த மறுநாள் என் மிஷினுக்கு வேலை இல்லை. தளர்த்த வேண்டாம் என்று சொல்வேனா? என் அண்ணனே ஒன்றரை வேலி, அதாவது பத்து ஏக்கர், சாகுபடி செய்கிறவர், வீட்டுக்குள் விடமாட்டார். நான் சொல்ல வருவது வேறு. இந்த மிஷினை வாங்க வேண்டியவர் விவசாயி இல்லை. ஈர நெல்லை வாங்கி அடுக்கி வைத்து, அது சூடேறிக் கெடாமல் காக்க வேண்டியவர் யாரோ அவர்தான் வாடிக்கையாளர். கொள்முதல் செய்பவர், அல்லது அவருக்காக நெல்லை அரைத்துக் கொடுக்கிற அரவை முகவர். அப்படியென்றால் ஒரு டன் மிஷினே தப்பு. பத்து இருபது டன் கொள்ளளவு வேண்டும், மில் வளாகத்திலேயே நிற்க வேண்டும், உமியும் அங்கேயே கிடைக்கும். யாருக்கு விற்கப்போகிறோம் என்று முதல் நாளிலேயே கேட்டிருந்தால், என் வீட்டுக்காரி கழுத்தில் சங்கிலி இருந்திருக்கும்.

இந்தக் கேள்வியை நம் மண்ணில் ஏற்கெனவே ஒரு முறை சரியாகக் கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக, 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்று, பெரிய வளாகத்தில் இருக்கிறதே, அது எங்கே தொடங்கியது? 1967-இல் திருவாரூரில், தஞ்சாவூர் கூட்டுறவு விற்பனை இணையத்தின் நவீன அரிசி ஆலைக்குள்ளேயே ஒரு நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாக. எதற்காக? மழையில் அறுத்து ஈரமாக வருகிற நெல்லை என்ன செய்வது என்பதற்காக. அதே கேள்விதான், அறுபது வருஷம் ஆகப்போகிறது. அன்றைக்கு ஆராய்ச்சியாளர் நாற்காலிக்கு நேர் பின்னால் மில் ஓடிக்கொண்டிருந்தது. துளைத் தகடு அடைத்தால் அவர் காதிலேயே சத்தம் மாறியிருக்கும். பக்கத்தில் நிற்கிற மில் மேஸ்திரி சாயந்திரத்துக்குள் சொல்லியிருப்பார், இது ஆகாது என்று. அந்த மேஸ்திரியை உங்கள் வளாகங்களில் இப்போது நான் பார்ப்பதில்லை.

விதை விஷயத்தில் இப்படி இல்லை. அங்கே நீங்கள்தான் எங்களுக்கு வாத்தியார். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே ஒரு ரகம் நன்றாக வந்துவிட்டது என்பதற்காக மறுநாளே வெளியே விடுவதில்லை. பல ஊர்களில், பல மண்ணில், விவசாயிகளின் வயலிலேயே போட்டுப் பார்ப்பார்கள். தேறினால்தான் வெளியீடு. பிறகு வல்லுநர் விதை, அதிலிருந்து ஆதார விதை, அதிலிருந்து சான்று விதை. மஞ்சள் அட்டை, வெள்ளை அட்டை, நீல அட்டை. எந்தக் கட்டத்தில் யார் பொறுப்பு என்பது அட்டையிலேயே தெரியும். அறுபதுகளில் ஆடுதுறை 27 இந்த மாவட்டம் முழுக்கப் பரவியதற்கு ரகம் மட்டும் காரணமில்லை. விதை, உரம், கடன், கிராமம் கிராமமாகப் போன அலுவலர் எல்லாம் ஒன்றாக வந்தது காரணம். எங்கள் அப்பா கடைசி வரைக்கும் அந்த அலுவலரின் சைக்கிளைப் பற்றிப் பேசுவார், ரகத்தைப் பற்றிப் பேசியதைவிட அதிகமாக.

இன்னும் பக்கத்தில் சொல்கிறேன். சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் ரகம். வெள்ளத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கிற குணத்தை, ஒரிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல்லிலிருந்து எடுத்து, இங்கே ஏற்கெனவே எல்லோரும் போடுகிற சி.ஆர். 1009-க்குள் புகுத்தினார்கள். இதில் உள்ள வியாபார புத்தியைக் கவனியுங்கள். புது நெல்லைக் கொண்டுவந்து விவசாயியைப் பழகச் சொல்லவில்லை, மில்காரரை மாற்றச் சொல்லவில்லை, இட்லிக்கு அரிசி வாங்குகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. அதே நெல், மூழ்கினால் சாகாது, அவ்வளவுதான். யார் வாங்குவார், எதை மாற்றிக்கொள்ள மாட்டார் என்று தெரிந்து செய்த வேலை அது. மிஷினுக்கும் பண்டத்துக்கும் இந்தப் பாதை ஏன் இல்லை? வல்லுநர் மிஷின், ஆதார மிஷின், சான்று மிஷின் என்று ஏன் இருக்கக்கூடாது? சிரிக்காதீர்கள், யோசித்துத்தான் கேட்கிறேன்.

வெளியூர்க் கதை ஒன்றும் உண்டு. எருமைப் பால் பவுடர் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது என்று உலகமே சொன்ன காலத்தில், மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அதைக் குழந்தை உணவாக்கும் வழியைக் கண்டுபிடித்தது. அது அலமாரியில் தூங்காமல் அமுல் டப்பாவாக வெளியே வந்ததற்குக் காரணம், குஜராத்தில் பால் கொடுக்கிற விவசாயிகளின் கூட்டுறவே அதை எடுத்துச் செய்ததுதான். எருமைப் பால் மிஞ்சிப்போவது அவர்கள் தலைவலி. அதனால் முதல் தடவை சரியாக வரவில்லை என்றாலும் விட்டு ஓட மாட்டார்கள். தலைவலி யாருக்கோ அவரிடம் மருந்தைக் கொடுத்தார்கள். நீங்கள் என்னிடம் கொடுத்தது போல, தலைவலி இல்லாதவனிடம் கொடுக்கவில்லை.

எங்கள் பக்கமும் குற்றம் இருக்கிறது. மறைக்கவில்லை. வரைபடத்தில் சொன்ன தகட்டுக்குப் பதில் காசு மிச்சம் என்று மெல்லிசுத் தகடு போடுகிற பட்டறைகள் உண்டு. நானே ஒரு முறை போட்டிருக்கிறேன், வேறொரு மிஷினில். உரிமம் எடுக்காமல், கண்காட்சியில் போனில் படம் எடுத்து வந்து அப்படியே அடிப்பவர்களும் உண்டு. மிஷின் கெட்டால் விவசாயி எங்களைத் திட்டுவதற்குப் பதில் 'யுனிவர்சிட்டி மிஷின்' என்று உங்களைத் திட்டுவார். உங்களுக்கு எங்கள் மேல் நம்பிக்கை வராததில் நியாயம் இருக்கிறது. ஒரு பட்டறையோடு ஒப்பந்தம் போட்டால் தணிக்கையில் கேள்வி வரும், பெரிய கம்பெனி என்றால் வராது என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் பெரிய கம்பெனிக்கு நம் ஐந்து மாவட்டச் சந்தை சிறிசு. கோயம்புத்தூரிலிருந்து அவர்கள் வருஷத்துக்கு நாற்பது உலர்த்தி விற்க இங்கே வர மாட்டார்கள். எனக்கு நாற்பது என்பது நாலு வருஷச் சாப்பாடு.

சரி, என்ன செய்யலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முன்பணமாக உரிமக் கட்டணம் கேட்பதை நிறுத்துங்கள். அது உங்கள் வருமானத்தில் எள்ளளவு, என் மூலதனத்தில் பாதி. மிஷின் விற்றால், விற்ற ஒவ்வொன்றுக்கும் இத்தனை சதவீதம் என்று வாங்கிக்கொள்ளுங்கள். விற்கவில்லை என்றால் உங்களுக்கும் வலிக்கட்டும். அப்போதுதான் போனை எடுப்பீர்கள். காப்புரிமைச் செலவைச் சமாளிக்கத்தான் கட்டணம் என்பீர்கள். கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தை 2021-இலேயே 80 சதவீதம் குறைத்துவிட்டார்கள். அதைப் படித்துத் தெரிந்துகொண்டது உரிமம் எடுத்து ஏமாந்த பிறகுதான்.

இறுதியாண்டு மாணவருக்குத் தலைப்பு கொடுப்பதற்கு முன், ஜூலை மாதம் ஒரு நாள் எங்களைக் கூப்பிடுங்கள். மேடை வேண்டாம், சணல் பையும் வேண்டாம். ரைஸ் மில் ஃபோர்மேன், கொள்முதல் நிலையப் பட்டியல் எழுத்தர், லோடுமேன் ஒருவர், பட்டறைக்காரர் இரண்டு பேர், அறுப்பு மிஷின் டிரைவர் ஒருவர். லோடுமேன் எதற்கு என்று யோசிப்பீர்கள். மிஷின் வாய் நாலரை அடி உயரத்தில் இருந்தால் 40 கிலோ சிப்பத்தைத் தூக்கிக் கொட்ட இரண்டு ஆள், மூன்றடியில் இருந்தால் ஒரு ஆள் என்று அவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். என் மிஷின் ஐந்தடி. வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது.

சோதனையை அக்டோபரில், மழையில், களத்தில் வையுங்கள். ஒரு டன், தூற்றாத நெல். அது தோற்றால் தோற்றது என்று எழுதி அந்தப் பக்கத்தையும் வரைபடத்தோடு சேர்த்துக் கொடுங்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் மற்ற பதினொன்றையும்விட மதிப்பு. எங்கே அடைத்தது, எந்தப் பேரிங் சூடானது, பெல்ட் எத்தனை மணி நேரத்தில் நழுவியது என்று தெரிந்தால் மிச்சத்தை நாங்கள் சரிசெய்துகொள்வோம். அது எங்கள் தொழில்.

உரிமம் கொடுத்த பிறகு இரண்டு பருவத்துக்கு ஒரு ஆளைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். மாணவர் போனாலும் அந்த ஆள் இருக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பெண் தருகிறீர்கள், பதவி உயர்வு தருகிறீர்கள். களத்தில் உட்கார்ந்து துளைத் தகட்டை மாற்றுகிற இளம் விரிவுரையாளருக்கு என்ன தருகிறீர்கள்? தேசிய தரவரிசையில் வெளியான காப்புரிமைக்கும் கிடைத்த காப்புரிமைக்கும் மதிப்பெண் உண்டு என்று தெரியும். அதை நீங்கள் மாற்ற முடியாது. உங்கள் சொந்த ஆண்டறிக்கையை மாற்றலாமே. கையெழுத்தான ஒப்பந்தம் இத்தனை என்று போடுகிற பக்கத்தில், இரண்டாவது பருவத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் மிஷின் இத்தனை என்று ஒரு வரி சேருங்கள். முதல் வருஷம் பூஜ்யம் என்று வரும். வரட்டும்.

மிஷினைப் பற்றியே பேசிவிட்டேன். எங்கள் தெருவில் ஒரு மகளிர் குழு இருக்கிறது. உங்களில் இரண்டு மூன்று பேரிடம் பயிற்சி எடுத்தவர்கள், பிரேம் போட்ட சான்றிதழ் நாலு சுவரில் தொங்குகிறது. மாப்பிள்ளைச் சம்பா அவலில் ஒரு சத்துமாவு செய்கிறார்கள், நன்றாகவே இருக்கும். ஒரு நாள் பயிற்சியில் செய்முறையைச் சொல்லிக் கொடுத்தீர்கள். எத்தனை மாதம் கெடாது என்பதை யார் சொல்வது? பாக்கெட்டில் ஒரு தேதி போட்டாக வேண்டும். ஆறு மாதம் என்று போட வேண்டுமானால் மாதா மாதம் எடுத்துச் சோதிக்க வேண்டும், ஒவ்வொரு சோதனைக்கும் காசு. பக்கத்துக் கடை பாக்கெட்டைப் பார்த்து அதே தேதியை இவர்களும் போட்டுவிட்டார்கள். உங்கள் ஆய்வகத்தில் அந்தக் கருவிகள் எல்லாம் இருக்கின்றன. அடுத்த பயிற்சியில் எட்டாவதாக ஒரு பண்டம் சொல்லிக்கொடுப்பதைவிட, முதல் பண்டத்துக்கு அந்தத் தேதியைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்.

என் உலர்த்தி பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. துளைத் தகட்டைக் கழற்றிச் சாய்வாக மாற்றி, கீழே தூசி விழ ஒரு பெட்டி வைத்து, நானாகவே கொஞ்சம் சரிசெய்திருக்கிறேன். நெல்லைச் சுற்றி விட ஒரு எலிவேட்டரும் பாதி செய்து கிடக்கிறது. ஆற வைக்கிற நேரம் எவ்வளவு, இடையில் சூடு எவ்வளவு என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அது உங்கள் வேலை, எனக்குத் தெரியாது. குறுவை அறுப்பு தொடங்கியதும் உங்களில் யாராவது ஒருவர், மாணவர் இரண்டு பேரோடு, ஈரப்பதம் பார்க்கும் மிஷினை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வாருங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில். நெல் கொண்டுவர வேண்டாம், அது அந்த நேரத்தில் இங்கே ரோடு முழுக்கக் கிடக்கும்.

இப்படிக்கு,
உரிமம் எடுத்த பட்டறைக்காரன்,
மன்னார்குடி